கோர்ட்டு வாசல்: ஒரு பழைய சிரஸ்தாரின் பதில்கள்

போன இதழில் ஒரு வரப்புத் தகராறுக்குப் பதில் எழுதும்போது, மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட்டு சிவில் நீதிபதி, வேதநாயகம் பிள்ளையின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவார்கள் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பட்டா, பத்திரம், ஜப்தி சம்பந்தப்பட்ட கேள்விகளில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன். சிரஸ்தாராக, அதாவது கோர்ட்டு ஆபீஸின் தலைமை குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்கு ஒத்திவைக்கச் சொல்லியா தரவேண்டும்!

சீர்காழியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: “தமிழின் முதல் நாவலாசிரியர் என்றுதான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ‘முன்சீபாகப் பணியாற்றினார்’ என்பதை ஒரே வரியில் தாண்டிவிடுவோம். அந்த முன்சீப் எப்படிப்பட்டவர்?”

டீச்சர், பாடப்புத்தகத்தின்மேல் தப்பில்லை. பிரதாப முதலியார் சரித்திரம் அவ்வளவு பெரிய காரியம். ஆனால் 1879-ல் அது அச்சாகி வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதற்கு முன் கால் நூற்றாண்டு கோர்ட்டுக் காகிதத்தோடு மல்லுக்கட்டிய மனுஷர் அவர்.

1826 அக்டோபர் 11-ல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சி கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளையிடம் தமிழும் இங்கிலீஷும் படித்தார். பிறகு அந்தக் கோர்ட்டிலேயே ரெக்கார்டு கீப்பராக உள்ளே நுழைந்தார். எனக்கு அவர்மேல் தனிப் பாசம் ஒட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். நானும் ரெக்கார்டு ரூமில் ஆரம்பித்தவன். சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒன்றை உருவினால் மேலே இருக்கும் நாலு தலையில் விழும். பாச்சை உருண்டை வாசம் சட்டையை விட்டுப் போகவே போகாது. அங்கே உட்கார்ந்து பழைய கட்டுகளைப் புரட்டினால், மேடையில் இருக்கிறவருக்குத் தெரியாத ஒன்று தெரியும். தாத்தா காலத்தில் ஒரு முழ வேலிக்காகப் போட்ட பிராது, பேரன் காலத்தில் எந்தக் கோலத்தில் வந்து நிற்கிறது என்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டு மேடையேறுகிற நீதிபதி வேறு மாதிரிதான் இருப்பார்.

ரெக்கார்டு கீப்பருக்குப் பிறகு மொழிபெயர்ப்பாளர். கட்சிக்காரன் தமிழில் அழுவான், துரைக்கு அதை இங்கிலீஷில் சொல்லவேண்டும். துரை இங்கிலீஷில் தீர்ப்பு சொல்வார், கட்சிக்காரனுக்கு அதைத் தமிழில் சொல்லவேண்டும். நடுவில் நின்ற அந்த அனுபவத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அப்புறம் முன்சீப் வேலை. முதலில் தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் 1845-ல் இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போன ஊர். பிறகு உங்கள் சீர்காழி. பிறகு மாயூரம். மாயூரத்தில் மட்டும் ஏறத்தாழ 13 வருஷம், 1872 வரை. இன்றைக்கு மூன்று வருஷம் ஒரே ஊரில் இருந்தாலே மாற்றல் உத்தரவை எதிர்பார்க்கவேண்டியதுதான். 13 வருஷம் என்றால் ஊரில் எந்த வீட்டில் பாகப்பிரிவினை இழுபறி, எந்தக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தை நம்பக்கூடாது, எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டிருக்கும்.

சரி, என்ன செய்தார்? சென்னையில் அப்போது மேல்கோர்ட்டாக இருந்தது சதர் அதாலத். அது 1805 முதல் 1861 வரை கொடுத்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862-ல் புத்தகமாகப் போட்டார். அதே வருஷம்தான் சதர் அதாலத்தை எடுத்துவிட்டு ஐகோர்ட்டு வந்தது. இந்தப் புத்தகத்தின் அருமை கோர்ட்டுக்காரனுக்குச் சட்டென்று விளங்கும். மேல்கோர்ட்டு சொன்னதைக் கீழ்க்கோர்ட்டு பின்பற்றியாகவேண்டும். சொன்னதோ இங்கிலீஷில் கிடக்கிறது. அந்த பாஷை தெரிந்த நாலு பேர் கையில்தான் சட்டம். இங்கிலீஷ் தெரியாத வக்கீலும் மிராசுதாரும் குத்தகைதாரரும் “அப்படியாங்க, மேல்கோர்ட்டுல அப்படித்தான் சொல்லியிருக்கா?” என்று தலையாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளை அவர் எல்லோரும் படிக்கிற பாஷையில் எடுத்து வைத்தார். அந்த வேலையை யாரும் அவர்மேல் சுமத்தவில்லை.

பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார் என்று ஊர் சொல்கிறது. பெரிய புண்ணியம்தான், அதற்கும் வருகிறேன். என்னைக் கேட்டால், அவர் மாயூரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் செய்த முதல் தொண்டு இந்த மொழிபெயர்ப்புதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1859-ல் அவர் எழுதிய நீதிநூலில் கைக்கூலி என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. இன்றைய பேச்சில் லஞ்சம். வெளியில் இருந்துகொண்டு லஞ்சத்தைத் திட்டுவது யாருக்கும் லேசு. பதவியில் உட்கார்ந்துகொண்டு அச்சில் திட்டினால், மறுநாளிலிருந்து ஊரே நம் கையைத்தான் பார்க்கும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

திருவாரூரிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவர்: “நாட்டின் முதல் இந்திய நீதிபதி அவர்தான் என்று ஒரு மேடையில் பேசினார்கள். சரியா ஐயா?”

இல்லை தம்பி. மேடையில் மைக்கைக் கொடுத்தால் ‘முதல்’ என்ற சொல் தானாக வந்துவிடுகிறது. சென்னை மாகாணத்தில் ஜில்லா முன்சீப் பதவியே 1816-ம் வருஷத்து ரெகுலேஷனில் வந்தது. ஆரம்பத்திலிருந்தே அதில் நம் ஆட்கள்தான் உட்கார்ந்தார்கள். வேதநாயகம் பிள்ளை பிறப்பதற்கே அதற்கப்புறம் பத்து வருஷம் ஆனது. ஜில்லா ஜட்ஜ் நாற்காலிதான் துரைமாருக்கு.

சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி வேறொருவர், திருவாரூர் முத்துசாமி ஐயர். 1870-களில் அந்த இடத்துக்கு வந்தார். சிலை ஐகோர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அவரும் ஒரு காலத்தில் தரங்கம்பாடி முன்சீப்! அந்தக் கடற்கரைக் கோர்ட்டின் நாற்காலிக்கு ஏதோ ராசி இருந்திருக்கிறது.

வேதநாயகம் பிள்ளைக்கு ‘முதல்’ பட்டம் தேவையென்றால் நாவல் இருக்கிறது, தீர்ப்பு மொழிபெயர்ப்பு இருக்கிறது. இல்லாததை ஏன் கட்டிவிடவேண்டும்?

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்: “தாது வருஷப் பஞ்சத்தில் முன்சீப் தன் சம்பளத்தைப் போட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தார் என்று எங்கள் தாத்தா சொல்வார். கோர்ட்டு நடத்திக்கொண்டே இதையும் எப்படிச் செய்தார்?”

தாத்தா சொன்னதில் கஞ்சி நிஜம். சம்பளம் மட்டும் உதைக்கிறது. தாது வருஷம் 1876-ல் பிறந்தது, பஞ்சம் 1878 வரை இழுத்தது. அவரோ 1872-லேயே முன்சீப் வேலையை விட்டுவிட்டார். அதன்பிறகு மாயூரம் முனிசிபாலிட்டித் தலைவராக இருந்தார். ஆனாலும் ஊர் வாயில் அவர் கடைசிவரை முன்சீப்தான். எங்கள் தெருவில் கூட ஓய்வுபெற்று எத்தனையோ வருஷமான ஒரு போஸ்ட்மாஸ்டரை இன்னும் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

இந்தக் கால வித்தியாசத்தை நான் சும்மா கணக்குத் தீர்ப்பதற்காகச் சொல்லவில்லை. பதவியில் இருக்கிறவர் வாசலில் அடுப்பு மூட்டினால், பத்து மிராசுதார் மூட்டை மூட்டையாக அரிசி அனுப்புவார்கள். அதில் பாதிப் பேருக்கு கோர்ட்டில் வழக்கு இருக்கும். நீதிபதி பதவி போனபிறகு மூட்டினால் எரிவது தன் விறகு. அவர் தன் கைப்பொருளைக் கரைத்துத்தான் கஞ்சி ஊற்றினார்.

அந்தப் பஞ்சத்தின் அளவு இன்றைக்கு நமக்குப் பிடிபடுவதில்லை. தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிவாரண வேலைக்குப் போன ஆளுக்கு, ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை வெட்டிக் குறைத்தபிறகு, நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டுக் கல் உடைக்கவேண்டும், ரோடு போடவேண்டும். காவிரி இருந்ததால் தஞ்சாவூர் ஜில்லா மற்ற ஜில்லாக்களைப் போல ஒரேயடியாகப் பொட்டலாகிவிடவில்லை. ஆனால் தண்ணீர் இருக்கிற இடத்தைத் தேடி ஜனங்கள் வருவார்கள். தானிய விலையும் சேர்ந்து ஏறும். விளைகிற ஊரிலேயே கூலிக்காரன் பட்டினி கிடந்தது அப்படித்தான்.

நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்துக்காரர். இந்தக் கொடையைப் பார்த்துவிட்டு ‘நீயே புருஷ மேரு’ என்று வேதநாயகம் பிள்ளையைப் பாடினார். சிவபக்தர் ஒருவர், வேதக்கோயிலுக்குப் போகிற ஒரு பழைய முன்சீபின் மேல் கட்டிய கீர்த்தனை அது. மதத்தை வைத்து ஆளை எடைபோடும் வழக்கம் அந்த இருவருக்குமே இல்லை.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: “நடிகர் விஜய் ஆண்டனி அவருடைய வம்சம் என்கிறார்களே?”

ஆமாம்மா, அந்த வழிவந்தவர்தான். உங்கள் வகுப்பில் இதைச் சொன்னால் நாவலையும் நாலு பேர் புரட்டிப் பார்ப்பார்கள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: “பெண்கள் படிப்புக்கு நிறையச் செய்தார் என்று கேள்வி. கொஞ்சம் விவரம் சொல்லுங்கள்.”

நீதிநூலிலேயே ‘மாதரைப் படிப்பித்தல்’ என்று தனியாக எழுதினார். 1869-ல் பெண்மதி மாலை வந்தது. மாயூரத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கவும் முன்னால் நின்றார். நாவலில் ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு விக்கிரமபுரிக்கு ராஜாவாகி, ஆண்களைவிடச் சுத்தமாக நிர்வாகம் நடத்துகிறாள். பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாததால் அவள் சொத்து என்ன கதியாகிறது என்பது ஒரு முன்சீபுக்குத் தெரியும். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கைநாட்டு வைத்த விடுதலைப் பத்திரங்கள் எத்தனையோ நானும் பார்த்திருக்கிறேன். “அண்ணன் வைக்கச் சொன்னாங்க, வெச்சேன்” என்பதற்குமேல் அந்த அம்மாக்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்: “கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று அவர் அப்போதே கேட்டாராம். இத்தனை வருஷத்தில் அந்த விஷயம் எங்கே வந்து நிற்கிறது, உங்கள் அனுபவத்தில்?”

கேட்டார். அதுவும் நாவலுக்குள் வைத்து, நல்ல கிண்டலோடு கேட்டார். நாடு தமிழ்நாடு, ஜட்ஜ் தமிழர், வக்கீல் தமிழர், வாதி பிரதிவாதி சாட்சி எல்லோரும் தமிழர். பிறகு யாருக்காக இங்கிலீஷில் வாதம் என்பதுதான் அவருடைய வழக்கு. வக்கீல் ஐயா, உங்களுக்கு அந்தப் பக்கங்கள் கொஞ்சம் சுடும். எனக்கும் சுட்டது.

சட்டப்படி நிலைமை உங்களுக்கே தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் வந்தது. கீழ்க்கோர்ட்டுகளுக்கும் தமிழ் என்பது 1976 திருத்தத்தில்தான் சேர்ந்தது. சாட்சியம் தமிழில் பதிவாகிறது. தீர்ப்பு தமிழிலும் வரும், இங்கிலீஷிலும் வரும், எழுதுகிறவர் கையைப் பொறுத்தது. ஐகோர்ட்டு நடவடிக்கை இங்கிலீஷில் இருக்கவேண்டும் என்கிற அரசியலமைப்பின் 348-வது பிரிவு அங்கே குறுக்கே நிற்கிறது. தமிழும் வேண்டும் என்று நம் சட்டசபை 2006-ல் தீர்மானம் போட்டு அனுப்பியது, காரியம் ஆகவில்லை. ஆனால் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஐகோர்ட்டுகளில் இந்திக்கு அனுமதி 1950-க்கும் 1972-க்கும் இடையிலேயே கிடைத்துவிட்டது. அவர்களுக்குத் திறந்த கதவு நமக்கு மட்டும் ஏன் இறுகிக் கிடக்கிறது என்று நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அனுபவம் கேட்டீர்கள். நான் நகல் பிரிவில் இருந்தபோது ஒரு பெரியவர், சொந்த சாகுபடிக்காரர், தீர்ப்பு நகலை வாங்க வந்தார். எட்டோ பத்தோ பக்கம், முழுக்க இங்கிலீஷ். வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என்னிடமே நீட்டினார். “கடைசியில என்னதான் போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க.” பார்த்தேன். செலவுத்தொகை இல்லாமல் வழக்கு தள்ளுபடி என்று இருந்தது. அதாவது இவர் தோற்றுவிட்டார், ஆனால் எதிர்க்கட்சிக்குச் செலவு கொடுக்கவேண்டியதில்லை. நான் அப்படியே சொன்னேன். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “செலவு இல்லாமன்னா, நான் செலவு பண்ணதெல்லாம் திரும்ப வந்துடுமா?” என்றார். முகத்தில் சின்னதாக ஒரு தெம்பு வேறு. வெளியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகச் சொல்லி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அப்பீலுக்குக் கெடு எப்போது முடிகிறது என்பதையும் நகலின் பின்னாலேயே பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அவர் தோற்றதில் எனக்கு ஒன்றும் சொல்ல இல்லை, தீர்ப்பு சரியான தீர்ப்புதான். அது ஏன் சரி என்று அவர் தெரிந்துகொள்ள ஒரு குமாஸ்தா வராந்தாவுக்கு வரவேண்டியிருந்தது பாருங்கள், அங்கேதான் வேதநாயகம் பிள்ளை ஞாபகம் வரும்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: “நீதிபதி என்றால் ஊரோடு ஒட்டாமல் இருக்கவேண்டும் என்பார்கள். இவர் மடாதிபதியோடு சிநேகம், புலவர்களோடு சிநேகம் என்று இருந்திருக்கிறாரே, அது சரியா? நீங்கள் வேலை பார்த்த நீதிபதிகளில் ஊருக்குச் செய்தவர் யாராவது உண்டா?”

சிநேகம் நிஜம்தான். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மேல் குளத்தூர்க் கோவை என்று ஒரு பிரபந்தமே பாடியிருக்கிறார். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரை இவர் பாடியிருக்கிறார். இன்றைக்கு ஒரு முன்சீபைப் பற்றி யாராவது பிரபந்தம் பாடினால் மறுவாரம் விஜிலென்ஸில் மொட்டைக் கடுதாசி போய்விடும். 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் தங்களுக்கென்று ஏற்றுக்கொண்ட நெறிமுறையிலும், பதவியின் மரியாதைக்கேற்ப ஓரளவு ஒதுங்கி இருக்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதில்தான் ஆளின் தரம் தெரியும்.

நீங்கள் கேட்ட மாதிரி ஒருவரிடம் பெஞ்சு கிளார்க்காக இருந்திருக்கிறேன். பெயர் வேண்டாம், அவர் இருந்தபோதே பெயர் வருவதை விரும்பமாட்டார். சின்ன ஊர், முன்சீபும் மாஜிஸ்திரேட்டும் ஒருவரே. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பத்திரிகையை வாங்கிக்கொள்வார், போகமாட்டார். கோயிலில் வரிசையில் நின்று கும்பிடுவார். பரிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு குருக்கள் வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். சாயங்காலம் ஆற்றங்கரையில் நடை, தனியாகத்தான். ஒட்டாமல் இருப்பது என்றால் இவர்தான் என்று வக்கீல்கள் முணுமுணுப்பார்கள்.

ஆனால் சப்-ஜெயிலுக்குப் போகும்போது அவர் வேறு ஆள். நீதிபதிகள் ஜெயிலைப் பார்வையிடுவது வழக்கமான வேலைதான். பலர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, சாப்பாட்டை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். இவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற கோடுபோட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு ஆளையும் நிறுத்தி மூன்றே கேள்வி: பெயர் என்ன, ஜாமீன் உத்தரவு எப்போது ஆனது, இன்னும் ஏன் உள்ளே இருக்கிறாய். மூன்றாவதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், “ஜாமீன்தார் கிடைக்கலைங்க.” ஜாமீன் கிடைத்தும், சொத்து உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வராததால் சின்னத் திருட்டுக் கேஸில் பையன்கள் மாதக்கணக்காகக் கிடப்பார்கள். திரும்பி வந்ததும் அந்த நோட்டை என் மேஜையில் வைப்பார். நான் பட்டியல் எடுத்து சட்ட உதவி வக்கீலுக்கு அனுப்பவேண்டும். அவர் மனு போடுவார், ஜாமீன் தொகையைக் கட்டுகிற அளவுக்குக் குறைப்பார்கள், அல்லது சொந்த ஜாமீனில் விடுவார்கள். எல்லாம் சட்டத்தில் உள்ளதுதான். புதிதாக ஒன்றையும் அவர் செய்துவிடவில்லை.

சனிக்கிழமைகளில் சட்ட உதவி முகாம் என்று கிராமத்துக்குப் போவோம். ஷாமியானா, மாலை, வரவேற்புரை எதுவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். பள்ளிக்கூட பெஞ்சு போதும். கிராம நிர்வாக அலுவலரும் தாசில்தார் ஆபீஸ் ஆள் ஒருவரும் கட்டாயம் வந்திருக்கவேண்டும், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம் இதெல்லாம் கோர்ட்டுக்கு வரவேண்டிய சமாசாரமே இல்லை என்பது அவர் கட்சி. மனுவை நான் எழுதுவேன். எழுதியதை அந்த அம்மாவுக்கோ பெரியவருக்கோ உரக்கப் படித்துக் காட்டி, “நீங்க சொன்னது இதுதானா?” என்று கேட்டபிறகுதான் கைநாட்டு. ஒரு தடவை ஒரு பாட்டி, “இல்லை, நான் பையன் அடிச்சான்னு சொல்லவே இல்லையே, பேசறதில்லைன்னுதானே சொன்னேன்” என்றாள். எழுதியவன் நான், கூடவந்த மருமகள் சொன்னதை எழுதியிருந்தேன். காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார். திட்டவில்லை. அடுத்த மனுவிலிருந்து சம்பந்தப்பட்டவரைத் தவிர எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கவைத்தார்.

அந்த ஊரில் இன்றைக்கும் அவரைக் கேட்டால், “அவரா, யார் வீட்டிலும் காப்பி குடிக்காத ஜட்ஜ்” என்பார்கள். ஜெயில் நோட்டு விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது.

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்: “அப்பா தவறிவிட்டார். உயில் இல்லை. பெரியப்பா பிள்ளைகள் நிலத்தை விடமாட்டேன் என்கிறார்கள். அம்மாவிடம் வக்கீல் வைக்கப் பணம் இல்லை. என்ன வழி?”

இதை ஒத்திவைக்க மனம் வரவில்லை. உங்கள் தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1987 சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு வருமானக் கணக்கே பார்க்கமாட்டார்கள். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். போன் என்றால் 15100. குழு நியமிக்கும் வக்கீலுக்கு நீங்கள் ஃபீஸ் கொடுக்கத் தேவையில்லை. கேட்டால் குழுவிலேயே சொல்லுங்கள்.

மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யார் கையிலும் கொடுக்காதீர்கள், வீட்டுப் பெரியவர் கேட்டாலும் சரி. நிலம் அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும், ஆணோ பெண்ணோ, சம பங்கு. அப்பாவின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பெரியப்பா பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு, பத்திரத்தைப் பார்க்காமல் சொல்லக்கூடாது. எதிர்த்தரப்பு பேச வந்தால், சமரசம் செய்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) முடித்துக்கொள்ளலாம். அங்கே ஆகிற முடிவு டிக்ரிக்கு, அதாவது கோர்ட்டுத் தீர்ப்பாணைக்குச் சமம், கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்ப வரும். ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவேண்டாம். எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: “முன்சீபுக்கு 2026-ல் இருநூறாவது ஆண்டு. என்ன செய்தால் பொருத்தமாக இருக்கும்?”

சிலை வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், தாலுகா கோர்ட்டுகளில் கொடுக்கிற ஒவ்வொரு இங்கிலீஷ் தீர்ப்பு நகலோடும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம்: யார் கேட்டது, என்ன கேட்டது, கிடைத்ததா இல்லையா, ஏன், அப்பீலுக்குக் கடைசித் தேதி எது. ஐந்து வரி போதும். இதற்குப் பட்ஜெட்டும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். இந்த யோசனையை இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டேன். ஒரு இடத்திலிருந்து, கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. இங்கிலீஷில்.